குப்பிக்குள் ஒரு சந்தேகம்

தடுப்பு மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் தைமரோசாலை அமெரிக்கா ஏறக்குறையக் கைகழுவிவிட்டது. பத்து டோஸ் குப்பிகளை நம்பியிருக்கும் இந்தியாவும் அதே வழியில் போக வேண்டுமா?

அங்கன்வாடி வாசலில் குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். நர்ஸின் நீலநிறப் பெட்டியில், ஐஸ் பொதிகளுக்கு நடுவே இரண்டு வகைக் குப்பிகள். ஒன்று கக்குவான், டெட்டனஸ், மஞ்சள் காமாலை உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட். மற்றது தட்டம்மை-ரூபெல்லா. தட்டம்மைக் குப்பியைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். திறந்த பென்டாவேலன்ட் குப்பியோ குளிர்ப்பெட்டிக்குத் திரும்பலாம். விதிமுறைகளைப் பின்பற்றினால் 28 நாள் வரை பயன்படுத்தலாம்.

இந்தச் சலுகைக்கு முக்கியக் காரணம் தைமரோசால். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம் கொண்ட ரசாயனம் இது. 1930களிலிருந்து தடுப்பு மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. தட்டம்மை மருந்தில் இதைச் சேர்க்க முடியாது. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். கிருமியைக் கொல்லும் பொருள் அதையும் கொன்றுவிடும்.

குழந்தையின் உடலில் பாதரசமா? எந்தத் தாய்க்கும் பகீரென்றுதான் இருக்கும். கேள்வி நியாயமானது. பதில் தொடங்குவது ஆஸ்திரேலியாவில்.

1928 ஜனவரி. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் நகரில் தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிராக 21 குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 12 பேர் இறந்தனர். அதே குப்பியிலிருந்து சில நாட்களுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. மருந்தில் பிழையில்லை, பிழை குப்பிக்குள் நுழைந்த கிருமியில். ரப்பர் மூடியைத் துளைத்துத் துளைத்து மருந்து எடுத்தபோது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய், கோடை வெயிலில் பெருகியது. கிருமிநாசினி கலக்காத மருந்தை, பலமுறை ஊசி இறக்கும் குப்பிகளில் தரவே கூடாது என்றது விசாரணை நடத்திய ராயல் கமிஷன்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் சந்தேகம் வேறு திசையிலிருந்து வந்தது. 1990களின் கடைசியில் அமெரிக்க அதிகாரிகள் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கு முதல் ஆறு மாதங்களில் தடுப்பூசிகள் வழியாக 187.5 மைக்ரோகிராம் வரை பாதரசம் போகக்கூடும் என்று கணக்கு வந்தது. மீன் போன்ற உணவிலுள்ள மெத்தில் பாதரசத்துக்கு வகுத்த வரம்புகளில் ஒன்றை இது தாண்டியது. 1999 ஜூலையில் அரசு அமைப்புகளும் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கூட்டாக அறிவித்தன: தீங்குக்குச் சான்று இல்லை, ஆனாலும் முன்னெச்சரிக்கையாக நீக்கிவிடலாம்.

தீங்கில்லை என்றால் ஏன் நீக்க வேண்டும்? மக்கள் கேட்ட இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை. அந்த இடைவெளியில் ஆட்டிசம் பற்றிய அச்சம் புகுந்தது. குழப்பம் மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை. பிறந்தவுடன் போட வேண்டிய ஹெபடைட்டிஸ்-பி ஊசியைப் பல மருத்துவமனைகள் நிறுத்தின. தாய்க்குத் தொற்று இருந்தும் ஊசி கிடைக்காத குழந்தைகள் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குழந்தை அந்த நோயாலேயே இறந்தது. முன்னெச்சரிக்கைக்கும் ஒரு விலை இருந்தது.

பிறகு வந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? டென்மார்க் 1992லேயே தைமரோசாலைக் கைவிட்டது. ஆட்டிசம் குறையவில்லை, பதிவான எண்ணிக்கை கூடியது. கலிஃபோர்னியாவிலும் இதே கதை. சான்றுகள் இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதையே காட்டுகின்றன என்று 2004ல் அமெரிக்க மருத்துவக் கழகம் முடிவு கூறியது.

ரசாயனமும் இதற்குத் துணை நிற்கிறது. தைமரோசாலிலிருந்து பிரிவது எத்தில் பாதரசம். வரம்பு வகுக்கப்பட்டதோ மெத்தில் பாதரசத்துக்கு. இந்தியர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. மதுவில் இருப்பது எத்தில் ஆல்கஹால். கள்ளச்சாராயத்தில் கலந்து கொத்துக்கொத்தாக உயிர் குடிப்பது மெத்தில் ஆல்கஹால். எத்தில் பாதரசமும் பெரும் அளவில் நஞ்சுதான். ஆனால் தடுப்பூசியில் இருப்பது டோஸுக்கு அதிகபட்சம் 25 மைக்ரோகிராம் அளவே. குழந்தையின் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஒரு வாரம்கூட ஆவதில்லை. மெத்தில் வகைக்குச் சுமார் ஒன்றரை மாதம் ஆகும்.

ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. 2025 ஜூனில், புதிதாக நியமிக்கப்பட்ட அமெரிக்க ஆலோசனைக் குழு தைமரோசால் கலந்த ஃப்ளூ ஊசிகள் வேண்டாம் என்று வாக்களித்தது. அடுத்த மாதமே சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அதை ஏற்றார். அமெரிக்காவுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அங்கே பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் ஏற்கனவே ஒற்றை டோஸாகத்தான் வருகின்றன.

இந்தியாவின் கணக்கு வேறு. இங்கே ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி குழந்தைகள் பிறக்கிறார்கள். பத்து டோஸ் குப்பிக்குப் பதில் பத்துத் தனிக் குப்பிகள் என்றால், குளிர்பதன அறை, வண்டி, நர்ஸின் தோள்பெட்டி எல்லாவற்றிலும் இடம் பன்மடங்கு தேவை. செலவும் குப்பையும் கூடும். வேறு பதனப்பொருளுக்கு மாறலாம். ஆனால் சோதனையும் அனுமதியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ல் உருவான மினமாட்டா உடன்படிக்கைகூட தைமரோசால் கலந்த தடுப்பு மருந்துகளுக்கு விலக்கு அளித்தது இதனால்தான்.

பதனப்பொருள் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 2017ல் தெற்கு சூடானில் தட்டம்மை ஊசி முகாமொன்றில் 15 குழந்தைகள் இறந்தனர். ஒரே சிரிஞ்சை நான்கு நாட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்தைக் குளிரில் வைக்கவுமில்லை. குப்பியின் மேலுள்ள சதுரக் குறி மருந்து வெப்பத்தில் கெட்டதா என்று காட்டும்; கிருமி புகுந்ததா என்று காட்டாது. திறந்த தேதியையும் நேரத்தையும் எழுதுவது, ஒவ்வொரு குழந்தைக்கும் புது சிரிஞ்சு, நான்கு மணி நேரம் முடிந்ததும் தயங்காமல் கொட்டுவது, இவையே காவல்.

இன்னொரு காவலும் உண்டு: பதில். தாயின் கையிலுள்ள அட்டையில் எந்த ஊசி, எந்தத் தேதி என்பது இருக்கிறது. மருந்தில் என்ன கலந்திருக்கிறது, ஏன் என்று அவள் கேட்டால், அவள் மொழியிலேயே இரண்டு வரியில் சொல்ல நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1999ல் அமெரிக்கா நீக்கியது பாதரசத்தை. விளக்க மறந்தது காரணத்தை. அந்த மறதிக்கான விலையை அந்த நாடு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.