வளர்ந்த நாயும் புது வீடும்

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ அடிபட்டுக் கிடந்த தெருநாயைத் தூக்கிவந்து, காயம் ஆற்றி, வீட்டோடு வைத்துக்கொள்பவர்களிடம் அக்கம்பக்கத்தார் தவறாமல் சொல்வார்கள்: "குட்டின்னா பழக்கலாம். வளந்த நாய் வீட்டுக்குள்ளதான் மூத்திரம் போவும்." இதை நம்பித் திரும்பவும் தெருவில் விடப்படும் நாய்கள் பல. வளர்ந்த நாய்க்கு எங்கே போக வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரியாதது நம் வீடுதான்.

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டிவிட்டு, கழிவையும் தானே விழுங்கிப் படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். மூன்று வாரம் ஆனதும் குட்டிகள் படுக்கையைவிட்டுத் தள்ளிப்போகத் தொடங்கும். எட்டு ஒன்பது வாரத்தில் பாதம் எந்தத் தரைக்குப் பழகுகிறதோ, அந்தத் தரைமேல் விருப்பம் படிந்துவிடும். தென்னை விளைகளிலும் தெருவோரத்திலும் வளர்ந்த நாய்க்கு அது மண். ஆகவே பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது.

சிக்கல் வேறிடத்தில். படுக்கிற இடத்தை நாய் அசுத்தம் செய்யாது. ஆனால் புதிதாக வந்த நாய்க்குப் படுக்கை என்பது அந்த ஒரு சாக்கு மட்டுமே. நடுவறையும் அடுக்களையும் அதன் கணக்கில் வெளியிடம். எனவே முதலில் ஒரே அறையில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்து, அங்கேயே சோறு வைத்து, அங்கேயே படுக்க விடுங்கள். வீட்டின் எல்லை அதன் மனத்தில் இப்படித்தான் விரியும்.

காலையில் எழுந்ததும், தூங்கி விழித்ததும், இரவு படுக்கும்முன்னும் வாரோடு அதே வாசல் வழியாக அதே மண்ணுக்குக் கூட்டிப்போக வேண்டும். சாப்பிட்டு கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள்ளும் அப்படியே. இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். அங்கே பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த ஓரிரு நொடிக்குள் முள் எடுத்த, உப்பில்லாமல் அவித்த சாளைத் துண்டு ஒன்று கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும். கூடவே தடவிக்கொடுங்கள். கொல்கத்தாவின் ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெருநாய்கள் அறிமுகமில்லாத மனிதரை நம்பத் தொடங்குவதற்குத் தீனியைவிடத் தடவலே அதிகம் உதவியது.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விட்டால் அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் கொடுமை, பயனும் இல்லை. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, மொகத்தப் பாரு" என்பார்கள். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களிடம் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். அந்தக் குற்றமுகம் நாய் செய்த தவறைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதால் வந்தது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அடிபட்ட நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போவது.

நாற்றத்தைப் போக்குவதும் பாடத்தின் பகுதி. வெறும் தண்ணீரில் கழுவினால் சிறுநீரின் நாற்றம் முழுவதும் போகாது. பழைய சிவப்பு சிமென்ட் தரை சிறுநீரை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். என்சைம் கலந்த திரவம் நாற்றம் தரும் பொருளையே சிதைக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு உண்டாக்கும்.

நாகர்கோவிலும் தக்கலையும் இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற ஊர்கள். அடைமழையில் வெளியே இறங்க மறுக்கும் நாய்க்கு, இறவாரத்துக்கு அடியில் அது வழக்கமாகப் போகும் இடத்து மண்ணைக் கொஞ்சம் பரப்பி வைத்தால் மணம் பிடித்து வரும். ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மனிதத் தோலுக்குள்ளும் நுழையும். மலத்தை உடனே அள்ளுங்கள், முற்றத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரக்கூடும், நாய்க்கு அதற்கான தடுப்பூசி உண்டு.

ஆளைக் கண்டு குனிந்து சொட்டுவிடும் நாய்க்குப் பழக்கக்குறை இல்லை, பயம். குனிந்து அருகில் போகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து அதுவாக வரட்டும் என்று விடுங்கள். கட்டில் காலிலும் கதவிலும் காலைத் தூக்கும் ஆண் நாய் எல்லை குறிக்கிறது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். நன்றாகப் பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் சிறுநீர் போகத் தொடங்கினால் மூத்திரப்பை அழற்சியோ, நீரிழிவோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். அப்போது பழக்குவதை நிறுத்திவிட்டு, சிறுநீரை ஒரு சுத்தமான குப்பியில் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.