சில வாரப் பயிற்சி போதுமா?



அண்மையில் ஓர் இளைஞர் பங்கு இல்லத்திற்கு வந்தார். மூன்று நாள் பயிற்சி முடித்து, 'மனநல ஆலோசகர்' என்ற சான்றிதழும் வைத்திருந்தார். "சாமி, ஞாயிறு பூசைக்குப் பிறகு நம் மக்களுக்கு ஆலோசனை கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனம் கொண்டவர். ஆனாலும் உடனே 'சரி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறுகிய பயிற்சி பயனற்றது என்று சொல்ல முடியாது. அதற்கு நம் காஞ்சிபுரம் மாவட்டமே சாட்சி. மனச்சிதைவு நோயாளிகளுக்காக இங்கும், கோவாவிலும், மகாராஷ்டிராவின் சதாராவிலும் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் ஊழியர்கள் சில வாரப் பயிற்சி பெற்று, நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று துணை நின்றார்கள். பங்கேற்ற 282 நோயாளிகளில் இத்தகைய துணை பெற்றவர்கள், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓரளவு கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. தமிழகத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் கவனியுங்கள். அந்த ஊழியர்கள் தனித்து இயங்கவில்லை. நோயைக் கண்டறிந்ததும் மருந்து கொடுத்ததும் மனநல மருத்துவர்கள். ஊழியர்களின் பணியை மேற்பார்வையிடவும் ஆள் இருந்தார்கள்.

கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கரைக்கான நாடாவைத் தள்ள உதவியாளர் பக்கத்தில் இருப்பார். அவர் இல்லாமல் புடவை இல்லை. ஆனாலும் அவரிடம் தறியை முழுவதுமாக யாரும் ஒப்படைப்பதில்லை.

மருத்துவ உளவியலாளராக, முதுகலைக்குப் பின் 2 ஆண்டு முழுநேர எம்.பில். படிப்பே நெடுங்காலம் வழியாக இருந்தது. நோயாளிகளோடு மேற்பார்வையில் பெறும் பயிற்சியும் அதில் அடங்கும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவும் வேண்டும். 'ஆலோசகர்' என்ற பலகையை மாட்டுகிற எல்லாரும் இப்படிப் படித்தவர்கள் அல்லர்.

குருக்களாகிய நாங்களும் இதில் விதிவிலக்கல்ல. குருமடத்தில் பல ஆண்டு இறையியல் படித்தேன். ஆலோசனைப் பணியும் கொஞ்சம் கற்றேன். செவிமடுக்கத் தெரியும், செபிக்கத் தெரியும். தற்கொலை எண்ணத்தோடு வருபவரை செபத்தோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் அது என் தவறு. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞானம், 38-ஆம் அதிகாரம்.

எனவே ஆலோசகரிடம் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? உங்களை மேற்பார்வையிடுபவர் யார்? உங்களால் முடியாதபோது எங்கே அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் எச்சரிக்கை தேவை. 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் மனநல உதவி கிடைக்கும்.

அந்த இளைஞரிடம், "தம்பி, முதலில் கேட்கிறவராக இரு. வாடியிருப்பவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவராக இரு. சிகிச்சையைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றேன். இப்போது அவர் அந்தப் பணியைத்தான் செய்கிறார். அதுவும் இறைப்பணியே.