பள்ளிக் குழுவின் நாற்காலி ஓர் அமானிதம்

பத்ருப் போர் ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624-இல் நிகழ்ந்தது. அதில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புத்தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுத்தறிவு பெற்ற சிலர் இருந்தனர். மதீனாச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத்தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். பொருள் மிகவும் தேவைப்பட்ட காலம் அது. ஆயினும் பொன்னைவிடப் பிள்ளைகளின் எழுத்தறிவே பெரிதெனக் கொள்ளப்பட்டது.

பிள்ளைகளின் கல்விக்காக முடிவெடுக்கும் அத்தகைய பொறுப்பு, சிறிய அளவிலேனும், இன்று உங்கள் வாசலுக்கு வந்துள்ளது. அதனை அறிவீர்களா?

2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளியின் செயற்பாட்டைக் கவனிப்பதும், அரசின் நிதி எவ்வாறு செலவாகிறது எனப் பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அதன் கடமைகள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022-இலும் 2024-இலும் மறுசீரமைக்கப்பட்டன.

உங்கள் தெருவிலுள்ள நடுநிலைப் பள்ளியையே எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் அரவணைப்பில் இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கோர் ஆசிரியரை எதிர்பார்க்கிறது. இயற்கணிதமும் அறிவியற் சோதனைகளும் அங்கேதான் வேர்கொள்கின்றன. அவ்வயதில் விடுபட்ட கணிதம் பத்தாம் வகுப்பில் எளிதில் கைகூடுவதில்லை. இதனாலேயே 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சட்டம் தனியே அளவுகளை வகுத்துள்ளது. 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அறிவியல்-கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் எனக் குறைந்தது மூவரேனும் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாட்களும், 1000 மணி நேரப் பாடமும் நடைபெற வேண்டும். மாணவ மாணவியர்க்குத் தனித்தனிக் கழிப்பறையும் தூய குடிநீரும் அமைய வேண்டும்.

கணித ஆசிரியர் இல்லை எனத் தேநீர்க் கடையில் குறைகூறுவோர் பலர். அக்குறை காற்றோடு போகும். அதையே குழுக் கூட்டத்தில் எடுத்துரைத்து, பதிவேட்டில் தீர்மானமாக எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினால், விடை கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிறது. இது ஆசிரியரோடு பூசலிடுவதன்று. போதிய துணையின்றித் திணறும் தலைமையாசிரியருக்கு அத்தீர்மானமே கைத்தடியாகும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். சட்டம் காவல் நிற்பது 6 முதல் 14 வயது வரையிலேயே. நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு எட்டு. அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து இல்லையெனில் முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் பெண்பிள்ளையே. அவளை நிறுத்துவது மார்க்கமன்று. கல்வியைத் தேடுவது ஆண், பெண் இருபாலர்க்கும் கடமை என்பதை நாம் அறிவோம். பள்ளியைத் தரம் உயர்த்தக் கோருவதும், பள்ளி நேரத்துக்குப் பேருந்து கேட்பதும் குழுவின் தீர்மானமாக எழலாம். அவள் எட்டாம் வகுப்பை முடித்தபின் கேட்பதால் பயன் குறைவு. ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள்.

தாய்மார்களே, பாதி இடம் உங்களுக்குரியது. உங்கள் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டுக் கணவர் சென்று பேசுவது அவ்விடத்தை நிரப்புவதாகாது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை மகள் உங்களிடந்தான் சொல்வாள். கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டியவரும் நீங்களே. மஹல்லா ஜமாஅத்தார் ஜும்ஆவுக்குப் பின் செய்யும் அறிவிப்புகளுள் பள்ளிக் கூட்டத்தின் நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். செலவில்லாத நற்பணி இது.

அமானிதம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் மட்டுமன்று. நம் பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் பேசுமாறு நம்பி அளிக்கப்பட்ட இடமும் அமானிதமே. அடுத்த கூட்டம் என்று நடைபெறும் எனத் தலைமையாசிரியரிடம் இன்றே கேட்டறியுங்கள்.