அந்தரத்தில் ஒரு பரண்

ஒகேனக்கல்லில் பரிசல் முடைய யாரும் பொறியியல் கல்லூரிக்குப் போவதில்லை. மூங்கிலைப் பிளந்து பத்தைகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிண்ணம்போல் வளைத்து, விளிம்பைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அடியில் முன்பெல்லாம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். இந்தக் கைவேலையை நம்பித்தான் சுற்றுலா வரும் குடும்பங்கள் காவிரியின் பாறை இடுக்குகளுக்குள் போய் வருகின்றன. ஆனால் பரிசலில் ஏறுகிறவருக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார்கள். அதைப் பரிசல் முடைபவர் தைப்பதில்லை. நீர்வரத்து கூடிய நாளில் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடுகிறது. பரிசல் நேற்று இருந்தபடியேதான் இருக்கும், ஆறுதான் மாறியிருக்கும். கையால் செய்த ஒரு பொருளை உயிர்ப்பயம் உள்ள இடத்தில் எப்படிப் புழங்குவது என்பதற்குத் தர்மபுரி மாவட்டத்தில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்தப் பாடத்தை ஆற்றிலிருந்து செங்குத்துப் பாறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

பெரும் பாறைச் சுவர்களில் ஏறுகிறவர்கள் ஒரே நாளில் உச்சியைத் தொட முடியாதபோது இரவைச் சுவரிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் நிற்கும் எல் கேபிடன் பாறை ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அதன் டான் வால் என்ற பகுதியில் 2014 டிசம்பர் கடைசியில் ஏறத் தொடங்கிய டாமி கால்டுவெல்லும் கெவின் ஜார்ஜ்சனும் 2015 ஜனவரி 14 அன்றுதான் உச்சிக்குப் போனார்கள். இடைப்பட்ட இரவுகளில் அவர்கள் சமைத்ததும் தூங்கியதும் ‘போர்ட்டாலெட்ஜ்’ என்ற தொங்கும் கட்டிலில். அலுமினியக் குழாய்களால் ஆன நீள்சதுரச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய கெட்டித் துணி, மூலைகளிலிருந்து மேலே போய் ஒரே புள்ளியில் சேரும் நாடாக்கள், மழைக்கு ஒரு போர்வை. அவ்வளவுதான் அது. கழற்றினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கக் காட்டோரக் கொல்லைகளில் போடும் பரண் நம்மிடம் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கிளி கடிய ஏறுவது மரத்தின்மேல் கட்டிய இதணம். காலில்லாத, கிளையில்லாத, மேலிருந்து மட்டுமே பிடித்துத் தொங்கும் பரண் என்று வைத்துக்கொண்டால் போதும். தொங்குபரண் என்றே அழைக்கலாம்.

இதை வீட்டில் செய்துகொள்ளலாமா? கேட்டவுடனே வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் இந்தப் பொருளின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1970-இல் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் அதே எல் கேபிடனில் 27 நாள் கிடந்தபோது அவர்களிடம் இருந்தவை ஹார்டிங் தம் கைப்பட உருவாக்கிய தொங்கு தூளிகள். தூளியில் படுத்தால் தோள்கள் நெரிபடும். பாறைப் பக்கம் முதுகு தேயும். பிறகு சிலர் மடங்காத கட்டில் சட்டங்களையே மேலே இழுத்துப் போனார்கள். அவை ஓட்டல்களிலிருந்து ‘எடுத்து’ வரப்பட்டவை என்று மலையேறிகள் வட்டாரத்தில் சொல்வதுண்டு. 1980-களில்தான் மடக்கும் தொங்குபரண் கடைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களும் பாறையில் ஏறியவர்களே. 1986-இல் ஹாஃப் டோம் பாறையின் தெற்கு முகத்தில் ஜான் மிடென்டார்ஃபும் இரு நண்பர்களும் புயலில் சிக்கினார்கள். அன்றைய தொங்குபரண்கள் காற்றையும் நீரையும் தாங்கவில்லை. ஹெலிகாப்டர் வந்துதான் அவர்களை மீட்டது. அந்த அனுபவத்துக்குப் பின் மிடென்டார்ஃப் ஏ5 என்ற சிறு நிறுவனத்தில் இன்னும் உறுதியான பரண்களைச் செய்தார். 1992-இல் காரகோரத்தின் கிரேட் டிராங்கோ சுவரில் சேவியர் போன்கார்டுடன் ஏறினார். 2024-இல் காலமாவதற்கு முன் தொங்குபரணின் வரலாற்றையும் அமைப்பையும் எல்லோரும் படிக்கும்படி எழுதியும் வைத்தார். ஆக, கையால் செய்தது என்பதே ஒரு குற்றம் என்றால், இந்தத் துறையே அந்தக் குற்றத்தில் பிறந்ததுதான். வீட்டில் செய்யலாம் என்பதே என் கட்சி. ஆனால் எந்தப் பகுதியை வீட்டில் செய்யக் கூடாது என்று தெரிந்தவர்தான் செய்யலாம்.

கயிற்றுக் கட்டில் பின்னியவருக்குத் தொங்குபரணின் பாதி ரகசியம் ஏற்கெனவே தெரியும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சாண் இடம் விட்டு, இழுத்து முறுக்கிக் கட்டுவதற்கென்றே தனிக்கயிறு ஓடும். படுத்துப் படுத்துத் தொய்ந்தால் அந்தக் கயிற்றை இழுத்தால் போதும். பின்னல் விறைக்கும், சட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு பொருத்துகள் இறுகும். தொங்குபரணிலும் அதே வேலையைத் துணி செய்கிறது. நன்றாக இழுத்துக் கட்டிய துணிதான் குழாய்களை மூலைப் பொருத்துகளுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. துணி தொய்ந்தால் சட்டம் நீள்சதுரமாக நிற்காது, சாய்சதுரமாகக் கோணும். ஒரு மூலை தாழும், படுத்திருப்பவர் அந்தப் பக்கம் உருளுவார். நைலான் நனைந்தால் சற்று நீளும் என்பதால் மழை இரவில் இது அதிகம் நடக்கும். எனவே துணியைத் தைத்து மூடிவிடக் கூடாது. கட்டிலைப்போல மறுபடி இழுத்துக் கட்ட வழி இருக்க வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான். குழாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்து துணியை மறந்துவிடுகிறார்கள்.

குழாய்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இரண்டு மீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம் உள்ள குழாய் ஒன்று வெளிப்பக்கச் சட்டமாக இருக்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் காலைத் தொங்கப்போட்டு அதன் நடுவில் உட்காருகிறார். இரு முனைகளில் மட்டும் தாங்கல் இருந்தால் குழாயின் நடுவில் ஏறும் தகைவு சுமார் 355 மெகாபாஸ்கல். ஜன்னல் சட்டங்களுக்கு வரும் 6063 ரக அலுமினியம், நன்கு பதப்படுத்தியிருந்தாலும், சுமார் 215-இலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். அதைவிட வலுவான 6061 ரகம் சுமார் 275 வரை நிற்கும். இரண்டுமே தேறாது. அதே குழாயின் நடுவில் இன்னொரு நாடாவைக் கட்டி மேலே கொண்டுபோனால் தாங்கலற்ற நீளம் ஒரு மீட்டராகிறது. தகைவும் பாதியாகி 180-க்குள் வந்துவிடுகிறது. இருவர் படுக்கும் பரண்களில் ஆறு நாடாக்கள் இருப்பதன் காரணம் இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது. ஆனாலும் 6063-க்கு 180 என்பது விளிம்பில் நிற்பதுதான். அதிர்ந்து உட்கார்ந்தாலோ, இருவர் ஒரே ஓரத்துக்கு வந்தாலோ கணக்கு தவறும். ஆகவே ரகம் தெரியாத குழாயை வாங்க வேண்டாம், கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங் இன்னொரு பொறி. பதப்படுத்திய அலுமினியத்தைச் சூடாக்கினால் ஒட்டின் அருகே அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடலாம். பார்வைக்கு ஒட்டு பளபளவென்று அழகாக இருக்கும். குழாய்க்குள் குழாய் செருகும் பொருத்தே மேல்.

அடுத்தது நாடாக்களின் சாய்வு. உட்பக்க நாடாக்கள் பாறையை ஒட்டி நேராகத் தொங்குகின்றன. வெளிப்பக்க நாடாக்கள் பாறையை நோக்கிச் சாய்கின்றன. பரணின் அகலம் 1.2 மீட்டர், நாடாக்கள் சேரும் புள்ளி 1.5 மீட்டர் மேலே என்றால், வெளி ஓரத்தில் ஏறும் 80 கிலோவுக்குச் சுமார் 64 கிலோ அளவு விசை சட்டத்தைப் பாறைப் பக்கமாகத் தள்ளும். குறுக்குக் குழாய்கள் இந்த நெருக்கலைத் தாங்க வேண்டும். புள்ளியை உயர்த்தினால் நெருக்கல் குறையும், ஆனால் மழைப்போர்வை பெரிதாகும், காற்று அதிகம் பிடிக்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பரண் உடையலாம். உத்தராகண்டில் மேரு மலையின் 6,310 மீட்டர் உயர நடுச்சிகரத்தின் ‘சுறாத் துடுப்பு’ சுவரில் கான்ராட் ஆங்கரும் ஜிம்மி சின்னும் ரெனான் ஓஸ்டர்க்கும் 2008-இல் புயலில் மாட்டி, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழிருந்து திரும்பினார்கள். 2011-இல் மறுபடி போனபோது அவர்களுடைய பரணின் சட்டமே முறிந்தது. அது தொழிற்சாலைப் பொருள். அங்கேயே அதைச் சரிசெய்து மேலே போய் ஏற்றத்தை முடித்தார்கள். சட்டம் முறிந்தும் யாரும் சாகவில்லை, ஏனென்றால் யாருடைய உயிரும் சட்டத்தில் கட்டப்படவில்லை. ஏறுகிறவர் தூங்கும்போதும் இடுப்பு வாரைக் கழற்றுவதில்லை. அந்த வாரிலிருந்து ஒரு கயிறு பரணைத் தொடாமல் நேரே பாறையில் அடித்த ஆணிகளுக்குப் போகிறது. ஓர் ஆணியை நம்புவதில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். கயிற்றை மாட்டும் உலோக வளையமான காராபினருக்கு ஐரோப்பியத் தரவிதி பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச வலு 20 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன் எடைக்குச் சமம். கயிறு, வார், காராபினர், ஆணி இந்த நான்கையும் வீட்டில் செய்யக் கூடாது. இவைதான் லைஃப் ஜாக்கெட். பரண் வெறும் பரிசல்.

நம் மலைகளில் இந்தப் பிரிவினை பழையது. சங்க நூல்களில் மலைமுகட்டுத் தேனெடுக்கும் கண்ணேணிக்கு மால்பு என்று பெயர். நீலகிரிக் குறும்பர்கள் கொடியால் ஏணி பின்னிப் பாறையிலிருந்து தொங்கவிட்டு, புகை போட்டுத் தேனெடுக்கிறார்கள். தேனெடுக்கும் பழங்குடிகள் பலரிடமும் மேலே கயிற்றைக் காவல் காப்பவர் இறங்குபவரின் மைத்துனராக இருக்க வேண்டும் என்ற வழக்கம் உண்டு. உடன்பிறந்தவளை விதவையாக்க எந்த மைத்துனரும் துணிய மாட்டார் என்பதே அதன் காரணம். ஏணியை யார் வேண்டுமானாலும் பின்னலாம். முடிச்சு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதில்தான் சமரசம் இல்லை.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. பரிசலுக்குப் பின்னால் பல தலைமுறைகளின் மூழ்கலும் மிதத்தலும் இருக்கின்றன. வீட்டில் ஒருமுறை பரண் செய்கிறவருக்கு அப்படி என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்பதே உண்மை. அதனால்தான் அவர் சொந்தமாக வடிவம் கண்டுபிடிக்கக் கூடாது. ஏற்கெனவே சுவரில் தொங்கித் தேறிய அளவுகளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். தலைமுறை அனுபவத்துக்கு மாற்றாக அவரிடம் இருப்பது சோதனை ஒன்றே. மணல் மூட்டைகளை ஏற்றி, இருவர் எடையின் இரண்டு மடங்கை இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் ஒவ்வொரு தையலையும் பார்க்க வேண்டும். ஒரே மூலையில் எடையைக் குவித்துப் பார்க்க வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நனைந்த நாடா கொக்கியில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பரணையாவது உடையும் வரை ஏற்றிப் பார்க்காதவர் தம் பரணை அறிந்தவராக மாட்டார். காசு இருந்தால் வாங்கிவிடலாமே என்பது இன்னொரு வாதம். வாங்கலாம்தான், இருவர் படுக்கும் வெளிநாட்டுப் பரணும் மழைப்போர்வையும் சுங்கமும் சேர்ந்தால் செலவு பெரிது. ஆனால் வாங்கியவரும் முறிந்த குழாயை அந்தரத்தில் சரிசெய்ய நேரலாம் என்பதை மேரு காட்டிவிட்டது. அந்த நேரத்தில் கட்டிப் பார்த்த கைக்குத்தான் வழி தெரியும்.

தர்மபுரியில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், வாதத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் ஒரே பகலில் ஏறி இறங்கக் கூடியவை. மேலும் இங்கே செங்குத்துப் பாறைகளின் பழைய குடித்தனக்காரர்கள் மலைத்தேனீக்கள். அடை தொங்கும் முகட்டின் கீழ் பரணைத் தொங்கவிட்டவர் இரவு முடியும் வரை இருக்க மாட்டார். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. அங்கே ஆணியடிக்கப் போவதை நினைக்கவே வேண்டாம். ஆனால் பரணைச் செய்யவும் சோதிக்கவும் மலை எதற்கு? லாரித் தார்பாய் தைப்பவரும், அலுமினியக் கதவு போடுபவரும், கட்டில் பின்னத் தெரிந்த ஒரு முதியவரும் சேர்ந்தால் நம் ஊரிலேயே வேலை முடியும். பெருஞ்சுவருக்குப் போகும் நாள் வந்தால் மடக்கி எடுத்துப் போகலாம்.

அதுவரை அது மரத்தில் தொங்கட்டும். முருங்கை வேண்டாம், புளியங்கிளை தாங்கும். தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகாதீர்கள், இடுப்பு வாரைக் கழற்றாதீர்கள், கீழே வைக்கோலைப் பரப்பிக்கொள்ளுங்கள்.