32 அடியா, 53 அடியா? கொலாபாவில் பிறந்த 'சுஹைலி' சொல்லும் பாடம்

கொலாபா என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மீன் இறங்கும் சசூன் டாக். அல்லது 'கேட்வே ஆப் இந்தியா'வும், எலிபெண்டாவுக்குப் புறப்படும் லாஞ்சுகளும்.

உலகத்தை ஒரே ஆள், எங்கும் கரை தொடாமல் சுற்றி வந்த முதல் படகு கட்டப்பட்டதும் இதே கொலாபாவில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் படகின் பெயர் 'சுஹைலி'. வளைகுடாப் பகுதி அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர் அது.

படகின் சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1939-ல் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்தவர். பம்பாய்க்கு அடிக்கடி வந்து போனவர்.

மாதச் சம்பளக்காரர்தான். லட்சாதிபதி அல்ல.

தேக்கில் செய்த படகு

1963-ல் வேலை தொடங்கியது. 1964 டிசம்பரில் படகு கடலில் இறங்கியது. நீளம் 32 அடி. இரண்டு பாய்மரங்கள். உடல் முழுவதும் இந்தியத் தேக்கு. நம் நாட்டுத் தச்சர்களின் கைவேலை.

1965 கடைசியில் அவர் தம்பியையும் ஒரு நண்பரையும் ஏற்றிக்கொண்டு பம்பாயிலிருந்து புறப்பட்டார். வழியில் கைப்பணம் தீர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் இறங்கி வேலை செய்து, பணம் சேர்த்து, 1967-ல்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

சிறு படகு வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரு நாள் வரும் ஆசை அவருக்கும் வந்தது. "இன்னும் பெரிய படகு வாங்கினால் என்ன?"

பெரிய படகுக் கனவு

உலகை நிற்காமல் சுற்ற வேண்டும் என்று அவர் தீர்மானித்தபோது, 'சுஹைலி' போதாது என்றே நினைத்தார். கோலின் மூடி என்ற படகு வடிவமைப்பாளரிடம் போனார். 53 அடி நீளத்தில் எஃகுப் படகு ஒன்றுக்குத் திட்டம் தயாராயிற்று.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. பணம்தான் திரளவில்லை. உதவி கேட்டு எழுதிப் பார்த்தார். கை கொடுப்பார் இல்லை.

அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. பெரிய படகு கிடைக்கும்வரை காத்திருப்பது ஒன்று. இருக்கிற படகில் கிளம்புவது மற்றொன்று. வேறு சிலரும் அதே பயணத்துக்குத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். காத்திருந்தால் 'முதல் ஆள்' என்ற பெயர் கைவிட்டுப் போகும்.

'சுஹைலி'யிலேயே போவது என்று முடிவு செய்தார்.

312 நாட்கள்

1968 ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை அறிவித்திருந்த 'கோல்டன் குளோப்' போட்டி அது. மொத்தம் 9 பேர் கிளம்பினார்கள்.

தொடக்கத்திலேயே அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நடுக்கடலில் தண்ணீருக்குள் மூழ்கி, பஞ்சு திணித்து, அதன்மேல் செப்புத் தகடு அடித்தார். தென்கடலில் அலை படகைப் புரட்டியது. ரேடியோ பழுதானது. காற்றைக் கொண்டு தானாகத் திசை பிடிக்கும் கருவியும் உடைந்தது.

நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு நாலு மாதத்துக்கு மேல் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 1969 ஏப்ரலில் ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைப் பார்த்துச் சொன்னபோதுதான் உயிரோடு இருப்பது உலகுக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 22-ந் தேதி பால்மத் வந்து சேர்ந்தார். 312 நாட்களில் ஏறத்தாழ 30 ஆயிரம் கடல் மைல். கணக்குப் பார்த்தால் மணிக்கு 4 கடல் மைல்தான். நம் ஊர் சைக்கிள்காரர் இதைவிட வேகமாகப் போவார்!

ஆனால் கிளம்பிய 9 பேரில் திரும்பி வந்து போட்டியை முடித்தவர் அவர் ஒருவரே. பிரெஞ்சுக்காரர் மாய்தெஸியே 39 அடி எஃகுப் படகில் வேகமாக வந்தும், மனம் மாறி தாஹித்தித் தீவுக்குப் போய்விட்டார். டெட்லியின் 40 அடிப் படகு கடைசிக் கட்டத்தில் மூழ்கியது; அவர் உயிர் தப்பினார். டொனால்டு குரோஹர்ஸ்ட் கடலில் மறைந்தார். பரிசுப் பணம் 5 ஆயிரம் பவுனை நாக்ஸ்-ஜான்ஸ்டன் குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

நீளம் கொஞ்சம், பாரம் மும்மடங்கு

பெரிய படகால் பயனே இல்லையா? உண்டு. படுக்க, சமைக்க, நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும். அலையில் ஆட்டம் குறையும். வேகமும் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். சாதாரணப் பாய்மரப் படகு மணிக்கு எத்தனை கடல் மைல் போக முடியும் என்பது கிடைத்துவிடும்.

நீர்மட்ட நீளம் 25 அடியானால் வேகம் 6.7. அது 36 அடியானால் ஏறக்குறைய 8. பதினோரு அடி கூட்டியும் கிடைத்த லாபம் ஒன்றேகால் மைல்தான்.

எடை அப்படி ஏறுவதில்லை. அதே வடிவத்தை 25-லிருந்து 36 அடிக்குப் பெருக்கினால் பாயின் பரப்பு இரண்டு மடங்காகும். படகின் எடை மூன்று மடங்காகும். கயிறு, நங்கூரம், பெயிண்ட், துறைமுக வாடகை எல்லாம் கூடவே ஏறும். மும்பையில் மழைக்கு முன் படகைக் கரையேற்றும் செலவு வேறு. காற்று திடீரென்று வலுக்கும்போது, அந்த இரட்டிப்புப் பாயை இறக்குவதற்கு இருப்பதோ அதே இரண்டு கைகள்!

பெரியதும் வந்தது

நாக்ஸ்-ஜான்ஸ்டன் பெரிய படகில் ஏறாமலே இருந்துவிடவில்லை. 1994-ல் பீட்டர் பிளேக்குடன் சேர்ந்து 'என்ஸா' என்ற மிகப் பெரிய இரட்டைக்கூட்டுப் படகில் 74 நாள் 22 மணி நேரத்தில் உலகைச் சுற்றினார். அப்போது பணம் இருந்தது. பாய் இழுக்கக் குழுவும் இருந்தது. இரண்டும் வந்த பிறகு பெரிய படகு வந்தது.

1968 போட்டியின் நினைவாக 2018-ல் நடந்த போட்டியில் 32 முதல் 36 அடி வரையுள்ள படகுகளுக்கு மட்டுமே இடம். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி, கோவாவில் 'சுஹைலி' மாதிரியில் கட்டிய 'துரியா'வில் போனார். புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகு எலும்பில் காயம். மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டார். சிறிய படகு என்றாலும் கடல் இரக்கம் காட்டாது என்பதை மறக்கக் கூடாது.

அவர் மறுபடியும் கிளம்பினார். 2022-ல் தொடங்கிய போட்டியில் 36 அடிப் படகில் 236 நாட்கள் ஓட்டி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார்.

முடிவு செய்யுமுன்

பெரிய படகு வாங்க நினைப்பவர் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இருக்கிற படகு எங்கே போக மறுக்கிறது? துணை வராத நாளில் புதிய படகை நான் ஒருவனே கரை சேர்ப்பேனா? வாங்கிய பிறகு கடலுக்குப் போகக் காசும் லீவும் மிஞ்சுமா?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டால் இருக்கிற படகின் இடுக்கை அடைத்து, பாயைத் தைத்து, கிளம்புவதே மேல்.

ஒற்றை அறையிலிருந்து கல்யாண், டோம்பிவிலி பக்கம் கடனில் பிளாட் பார்க்கும் நம்மவர்களுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது கடலுக்கும் பொருந்தும்.

53 அடிப் படகு கடைசிவரை காகிதத்திலேயே நின்றுவிட்டது. கொலாபாத் தச்சர்கள் செய்த 32 அடிப் படகு உலகைச் சுற்றி வந்தது.