உணவும் புற்றும் – 9: சோறு பெருங்குடலுக்கு என்ன செய்கிறது?

சீனி, கோதுமை மா, தீட்டிய அரிசி, குரக்கன், பலாக்கொட்டை, பயறு எல்லாமே பெரும்பாலும் காபோவைதரேற்று உணவுகள்தான். வாய்க்குள் போனபின் அவை பிரியும் பாதைகள் வேறு. ஒரு பகுதி சிறுகுடலிலேயே குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் கலந்துவிடும். மற்றப் பகுதி செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். பெருங்குடல் புற்றுநோயையும் காபோவைதரேற்றையும் இணைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி இந்த இரண்டு பாதைகளையும் தொடர்ந்தே நடந்துவருகிறது. இரண்டாவது பாதையில் சான்று ஒப்பீட்டளவில் வலுவானது. முதலாவதில் இன்னும் இழுபறி.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஒன்பது இலட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். தெற்காசியாவில் இது மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆனாலும் இலங்கையின் முன்னணிப் புற்றுநோய்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

நார்ச்சத்தைப் பற்றிய பேச்சைத் தொடக்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டெனிஸ் பேர்கிட். அயர்லாந்தில் பிறந்த இந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் உகண்டாவின் கம்பாலாவில் நீண்டகாலம் பணியாற்றினார். பிரிட்டனில் அன்றாடம் கண்ட குடல் நோய்கள் ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் அரிதாக இருந்ததை அவர் கவனித்தார். தீட்டாத தானியமும் கிழங்கும் உண்பவர்களுக்கு மலம் அதிகமாகவும் இலகுவாகவும் வெளியேறுகிறது. அதனால் தீங்கான பொருட்கள் குடற்சுவரைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் தங்குவதில்லை என்று 1971இல் எழுதினார். கருத்து கவர்ச்சியானது. ஆனால் நாடுகளை ஒப்பிட்டுச் சொல்லப்பட்ட காரணம் அது. கிராமத்து ஆபிரிக்கர் இறைச்சி குறைவாக உண்டார்கள், உடலால் கூடுதலாக உழைத்தார்கள், மெலிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது.

பின்னர் வந்த உயிரியல் ஆய்வுகள் பேர்கிட் சொல்லாத ஒன்றைக் காட்டின. பெருங்குடலில் வாழும் பக்றீரியாக்கள் நாரையும் செரிக்காத மாப்பொருளையும் நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். ஆய்வுகூடத்தில் அதே பியூட்டிரேட் புற்றுக் கலங்களின் பெருக்கத்தைத் தடுத்து, அவை தாமாகவே அழியும் வழியைத் தூண்டுகிறது. அது இல்லாதபோது குடல் தன் வேலையாட்களைப் பட்டினி போடுகிறது என்றே கொள்ளலாம்.

மனிதரிடம் இதைச் சோதித்தபோதுதான் சிக்கல். 1999இல் அமெரிக்காவில் 88,000க்கும் அதிகமான தாதியரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, நார்ச்சத்துக்கும் குடற்புற்றுக்கும் தொடர்பு இல்லை என்றது. அடுத்த ஆண்டில் இரண்டு சோதனைகளின் முடிவு வந்தது. குடலில் முளைக்கும் சிறு கட்டிகள் அகற்றப்பட்டவர்களுக்கு ஒன்றில் நார் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவும் மற்றதில் கோதுமைத் தவிடும் மூன்று நான்கு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. கட்டிகள் மீண்டும் வருவது குறையவில்லை. 2003இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்த ஷீலா பிங்ஹாமின் குழு எதிர்த்திசையில் பேசியது: நார் மிகக்கூடுதலாக உண்டவர்களுக்கு, மிகக்குறைவாக உண்டவர்களைவிட நோய் ஏறத்தாழ கால்வாசி குறைவு.

இந்த முரண் பாதி தீர்ந்துவிட்டது. குடற்புற்று வளர பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுக்கும். நான்கு ஆண்டுச் சோதனை அதைப் பிடிக்காது. தனித் தவிடும் முழுத்தானியமும் ஒன்றல்ல. 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 10 கிராம் நார் கூடினால் அபாயம் 10 சதவீதமும், 90 கிராம் முழுத்தானியம் கூடினால் 17 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் இப்போது இவை இரண்டையும் ‘பெரும்பாலும் பாதுகாப்பவை’ என்ற தரத்தில் வைத்திருக்கிறது. ‘நிச்சயம்’ என்ற தரத்தில் வைக்கவில்லை.

முதலாவது பாதை இன்சுலினோடு சம்பந்தப்பட்டது. சீனியும் வெள்ளை மாவும் இரத்தத்தில் குளுக்கோசை விரைவாக ஏற்றுகின்றன. அதைச் சமாளிக்க உடல் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கலங்களை வளரத் தூண்டும் ஓமோன். உடற்பருமன் உள்ளவர்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் குடற்புற்று ஓரளவு கூடுதலாக வருவது இந்தக் கருத்துக்கு ஆதரவு. 2004இல் வெளியான, 38,000 அமெரிக்கப் பெண்களைக் கொண்ட ஆய்வில், குளுக்கோசை மிகுதியாக ஏற்றும் உணவுகளை அதிகம் உண்டவர்களுக்கு நோய் இரண்டரை மடங்குக்கும் மேல் காணப்பட்டது. ஆனால் அங்கே நோயாளிகள் 174 பேர் மட்டுமே. பிறகு வந்த ஆய்வுகளில் சில ஆமோதித்தன, சில மறுத்தன. அதனால் இந்தப் பாதை பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்பதே இன்றைய நிலை. காபோவைதரேற்றை அடியோடு ஒதுக்கச் சொல்லும் உணவுமுறைகள் புற்றைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பயறையும் முழுத்தானியத்தையும் சேர்த்து ஒதுக்கினால் பாதுகாப்பானதையே ஒதுக்கியதாகும்.

இலங்கையில் இந்தக் காபோவைதரேற்றுக் கணக்கு எப்படி மாறிவந்தது என்பதை மாத்தளை மாவட்டத்தின் நாலந்தாவை வைத்துப் பார்க்கலாம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியில் உள்ள ஊர். ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் எல்லை என்பதால் வயலும் சேனையும் தோட்டப்பயிரும் அருகருகே உண்டு. பெரும்போகத்தில் மானாவாரிச் சேனைகளில் குரக்கனும் சோளமும் பயறும் விதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். வீட்டுவளவில் பலா, ஈரப்பலா, மரவள்ளி. அதே வீதியோரத் தேநீர்க்கடையின் கண்ணாடிப் பெட்டியில் பாண், பணிஸ், ரோல்ஸ். அருகில் சீனி அள்ளிப்போட்ட தேநீர். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் இறக்குமதிதான். 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் வெள்ளை மா நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. மாத்தளை மலைத்தோட்டங்களில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் பலருக்குக் காலையும் மதியமுமாகிவிட்டன. நாட்டு நிலை பற்றி 2008இல் வெளியான தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு அல்லது அதற்கு முந்திய நிலை இருந்தது.

இந்த மாற்றத்தை நாரின் அளவாகவும் சொல்லலாம். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் குரக்கனில் நார் 11 கிராம், முழுப்பயற்றில் 17, தீட்டிய பச்சையரிசியில் 2.8, வெள்ளைக் கோதுமை மாவிலும் அவ்வளவுதான். தவிடு நீக்காத அரிசியில் 4.4. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2019இல் செய்யப்பட்ட பெரும் மீளாய்வு நாளுக்கு 25 முதல் 29 கிராம் நார் வேண்டும் என்றது. வெள்ளைச் சோற்றால் மட்டும் 25 கிராமை எட்ட ஏறத்தாழ 900 கிராம் அரிசி வேகவேண்டும். அரிசி ஆலையில் தீட்டும்போது பிரியும் தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. அவற்றின் குடல் நலமாகவே இருக்கும். குரக்கனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: நைசாக அரைத்துக் கோதுமை மா கலந்து அவிக்கும் குரக்கன் பிட்டு, நீரிழிவுக்காரர் நம்புமளவுக்குக் குளுக்கோசைக் கட்டுப்படுத்துவதில்லை.

சோறு மீதே பழி போடவும் வழியில்லை. சோறு பிரதான உணவான ஜப்பானில் நடந்த பெரிய ஆய்வு, சோறு கூடுதலாக உண்டவர்களுக்குக் குடற்புற்று கூடியதாகக் காட்டவில்லை. சோற்றின் மாப்பொருளில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. ஆறவைத்தால் அந்தப் பங்கு கூடும். மாப்பொருளின் ஒரு கூறான அமைலோசு வெந்து குழைந்தபின் ஆறும்போது மீண்டும் இறுகி, செரிமான நொதியங்களுக்கு எளிதில் உடையாத வடிவம் பெறுகிறது. கொழும்பில் இரசாயனவியல் பயின்ற சுதைர் ஜேம்ஸும் அவரது வழிகாட்டியான புஷ்பராஜா தவராஜாவும் 2015இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்த ஆய்வு இதைச் சார்ந்தது. இலங்கையின் 38 அரிசி வகைகளைப் பார்த்தார்கள். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, அரை கோப்பை அரிசியை வேகவைத்து, 12 மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், ஒரு வகையில் செரிக்காத மாப்பொருள் பத்து மடங்கு கூடியது. சூடாக்கினாலும் அது குறையவில்லை.

பழஞ்சோறு உண்ட வீடுகளுக்கு இந்த முறை அந்நியமல்ல. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சட்டியில் மூடிவைத்து, விடியற்காலையில் தேங்காய்ப்பால், வெட்டிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பிசைவார்கள். ஆறிய சோறு வெளியே நெடுநேரம் கிடந்தால் வாந்தி, வயிற்றோட்டம் தரும் நுண்ணுயிர் வளரும் என்பதையும் மறக்கக்கூடாது.

செரிக்காத மாப்பொருள் புற்றைத் தடுக்குமா என்பதற்குப் பிரிட்டன் விஞ்ஞானி ஜோன் மெதர்ஸ் பங்கேற்ற நீண்ட ஆய்வு பாதிப் பதில் தருகிறது. பரம்பரையாகக் குடற்புற்று வரும் லிஞ்ச் குறைபாடு உள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒரு பகுதியினருக்கு, சராசரியாக இரண்டு ஆண்டுகள், நாளுக்கு 30 கிராம் அந்த மாப்பொருள் கொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் குடற்புற்று குறையவில்லை. ஆனால் 2022இல் வந்த நீண்டகாலப் பகுப்பாய்வில் வயிறு, கணையம் போன்ற வேறு உறுப்புகளின் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பார்த்த இடத்தில் இல்லை, எதிர்பாராத இடத்தில் உண்டு.

நோய் வந்தவர்களுக்கு நிலைமை வேறு. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுக்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் பெற்றவர்களை ஆராய்ந்த அமெரிக்கக் குழு ஒன்று 2012இல், குளுக்கோசை அதிகம் ஏற்றும் உணவுகளை மிகுதியாக உண்டவர்களுக்கு நோய் மீள்வதும் இறப்பும் ஏறத்தாழ 80 சதவீதம் கூடியிருந்ததாகச் சொன்னது. உணவுதான் காரணம் என்று அதனால் உறுதியாகாது. சத்திரசிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் குடல் ஆறும்வரை நார் குறைந்த குழைந்த சோறும் கஞ்சியும்தான் பலருக்குத் தரப்படும். குடல் குறுகியவர்களுக்கும் அதுவே பொருந்தும். அந்த நேரத்தில் குரக்கனும் பயறும் காத்திருக்கவேண்டும்; எப்போது திரும்பலாம் என்பதைச் சிகிச்சை தரும் வைத்தியரே தீர்மானிப்பார்.