அறங்காவலர் இல்லாத கோயிலில் கையெழுத்து யாருடையது?

அறங்காவலர் பதவிக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்குகிறது. வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: “எம்.எல்.ஏ. சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா?” கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது வேறு. அவர் ஊர்க் கோயிலில் அறங்காவலர் குழுவே கிடையாது. ‘தக்கார்’ என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறாராம். “அவர் யார் சார்?”

சிபாரிசைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

1959ஆம் ஆண்டு தமிழ்நாடு அறநிலையச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, அறநிலையத் துறையின் பட்டியலில் உள்ள, பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு 3 முதல் 5 பேர் கொண்ட குழு வேண்டும் என்கிறது. குழு அமையும்வரை தக்கார் ஒருவரைப் போட்டுக்கொள்ளவும் அதே சட்டம் வழிவிடுகிறது. நடைமுறையில் அவர் பெரும்பாலும் அறநிலையத் துறை அதிகாரி. கோயிலின் அன்றாட நிர்வாகம் பார்க்கும் செயல் அலுவலரும் அதே துறை. கடை ஏலமோ திருப்பணி மதிப்பீடோ, கோப்பைச் செயல் அலுவலர் எழுதித் தக்காரின் மேசையில் வைப்பார். ஐந்து பேர் உட்கார்ந்து சண்டை போட்டு நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் அடியில் ஒற்றைக் கையெழுத்து விழும். ஒப்புதலுக்கு மேலே போனால் அங்கேயும் அதே துறைதான். ‘எனக்கு உடன்பாடில்லை’ என்று எழுதிவைக்க ஆளே இல்லை.

இதைத் ‘தற்காலிக ஏற்பாடு’ என்பார்கள். பல கோயில்களில் அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. குழுவின் ஆயுளோ 2 ஆண்டு. அடுத்தது அமையத் தாமதமானால் மறுபடியும் தக்கார். வேண்டிய ஆளைப் போட்டால் ஊர் பேசும். யாரையும் போடாமல் விட்டால் யார் பேசப்போகிறார்கள்?

நீதிமன்றம் பேசியது. கோயில் நகைகளை உருக்கிக் கட்டிகளாக்கி வங்கியில் வைக்கும் திட்டம் 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அறங்காவலர்களை நியமிக்காமல் உருக்குவது பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறந்தது. நகைக் கணக்கெடுப்புக்கு மட்டும் தடையில்லை.

இனி சிபாரிசு. பெயர்ப் பட்டியல் தயாரிப்பது மாவட்டக் குழு. அந்தக் குழுவை நியமிப்பது அரசு. தகுதியாகச் சட்டம் கேட்பது கடவுள் நம்பிக்கை, நன்னடத்தை, ஊரில் மதிப்பு, கோயில் வேலைக்கு நேரமும் ஈடுபாடும். இதில் எதை எந்தத் தராசில் நிறுப்பார்கள் என்று கேட்டால் பதில் வராது. கடிதக்காரர்களின் சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சம்பளம் உண்டா? இல்லை.

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவர்? அறங்காவலராக முடியாது.

இடஒதுக்கீடு? குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம்.

கட்சிக்காரர்? கேரள உயர் நீதிமன்றம் 2023இல் மலபார் தேவஸ்வம் வாரியக் கோயில் ஒன்றின் வழக்கில், தீவிர அரசியலில் இருப்பவர் அறங்காவலராகக் கூடாது என்றது. அது கேரளத்துக்கு.

தக்கார் மேல் புகார் இருந்தால்? அவரை நியமித்த துறையிடமே கொடுக்கலாம். இல்லையேல் உயர் நீதிமன்றம்.